சாப்பிட்டியா என்றால் இரண்டு குதி

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். "நீ ஜனங்களை முன்னாடி பின்னாடி இழுத்துட்டுப் போற, நான் மேலயும் கீழயும்" என்று அவன் ஒரு காலத்தில் கிண்டல் செய்வான். இப்போது கிண்டல் எல்லாம் நின்றுவிட்டது. அதற்குக் காரணம் ஒரு வீடியோ கேம் பெட்டி என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் அவன் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆளே அதில்தான் இருக்கிறான். லிஃப்ட் பாதி வழியில் நின்று உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் மற்ற மெக்கானிக்குகள் நேராக மேலே மெஷின் அறைக்கு ஓடுவார்கள். என் தம்பி முதலில் கதவைத் தட்டுவான். "நான் வந்துட்டேன். இனிமே பயமில்ல. கதவை மட்டும் தொடாதீங்க" என்பான். கூட வந்தவர் மேலே வேலை பார்க்க, இவன் கதவோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பான். எந்த மாடி, என்ன வேலை, சாப்பிட்டாச்சா, வீட்டில் யார் யார் என்று ஊர்க்கதை எல்லாம் கேட்பான். கதவு விலகியதும் கையை நீட்டி, "திறந்தாச்சு. பார்த்துக் கால் வைங்க" என்பான். வெளியே வந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனோ, "ஓடட்டும்க்கா, பாவம், மூச்சு முட்டிப் போயிருக்கும்" என்பான்.

கதவுக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாதவர்களோடு அப்படிப் பேசிக் கொட்டுகிறவன், வீட்டுக்கு வந்தால் வாயைப் பூட்டிக்கொள்வான். மனைவி ஒன்று கேட்டால் தலையாட்டல், இரண்டு கேட்டால் டிவி. அவளும் எத்தனை நாள்தான் சுவரோடு குடித்தனம் நடத்துவாள்? ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகளோடு கிளம்பிவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை என்பதும் தெரிந்திருந்தது, அதனால் கோபம் இன்னும் கூடியது. பிறகு அவள் ஒரு மருந்துக்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ராத்திரி ரயில் ஏறினால் விடிகாலையில் போய்ச் சேருகிற ஊர். பிள்ளையும் அங்கேயே போய்விட்டது.

பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், நாங்கள் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது அப்படி உருண்டையாக இருந்தாள். இப்போது பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது, பட்டாணி என்றால் முகம் சுளிக்கிறாளாம். சுளிக்கட்டும்.

அவள் கிளம்பிப் போன வருஷம் என் தம்பி ஒரே மாதிரி இரண்டு கேம் பெட்டிகள் வாங்கினான். ஒன்று அவளோடு ரயில் ஏறியது, ஒன்று இவன் டிவிக்குக் கீழே உட்கார்ந்தது. இரண்டு வீட்டிலும் ஒரே விளையாட்டு. அதற்கு ஏதோ நீளமாகப் பெயர் உண்டு, எங்கள் வாயில் அது கயிறு கேம். வெள்ளத்தில் மூழ்கிப்போன ஒரு ஊர். மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு குட்டி உருவம், சிவப்பு மழைக்கோட்டு போட்ட இன்னொன்று. கையில் ஆளுக்கொரு விளக்கு. இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிய ஒரே கயிறு. கூரை கூரையாக ஏறித் தாண்டிப் போக வேண்டும். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் தண்ணீரில் தொப்பென்று விழ வேண்டியதுதான். மஞ்சள் அவள், சிவப்பு இவன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்று பேச்சு. ஊரே இடிந்து விழுந்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் அவன் டியூட்டிக்குப் போக மாட்டான். சூப்பர்வைசர் திட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கடைசியில் விட்டுவிட்டார்.

ஆரம்பத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டேதான் விளையாடினார்கள். அங்கே அடுத்த அறையில் அம்மா இருப்பாள். அப்பா என்ன கேட்டார், நீ என்ன சொன்னே என்று ஒவ்வொரு தடவையும் பிள்ளைக்கு விசாரணை. அவள்தான் ஒரு நாள் சட்டம் போட்டாள். "பேசினா அம்மாவுக்குக் கேக்குதுப்பா. இனிமே குதிச்சுப் பேசலாம். கேம்ல நடக்கிறது கேமோட. போன்ல அதைப் பத்திப் பேசவே கூடாது. சத்தியமா?" அப்பன் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

இரண்டு குதி என்றால் சாப்பிட்டியா. ஒரு குதி என்றால் சாப்பிட்டேன். தன்னைத்தானே சுற்றிச் சுற்றி ஓடினால் சிரிப்பு. கீழே உட்கார்ந்தால் உடம்பு சரியில்லை. விளக்கை அணைத்தால் போய் வருகிறேன். அவ்வளவுதான் அவர்கள் பாஷை. மனைவியிடம் பேசாத மனுஷன் மகளிடம் குதித்துக் குதித்துப் பேசினான். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

முதலில் எல்லாம் விடுமுறைக்கு அவள் இங்கே வருவாள். கடைசி இரண்டு விடுமுறைக்கு வரவில்லை. ஒரு தடவை நீச்சல் போட்டி, ஒரு தடவை தோழிகளோடு ஏதோ முகாம். போன் பண்ணினால் "ம்", "சரிப்பா", "அப்புறம் பேசறேன்பா". வளர்கிற பிள்ளைகள் அப்படித்தான், என் வேனில் தினமும் பார்க்கிறேன், மூன்றாம் வகுப்பு வரை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் ஏழாம் வகுப்பில் நான் பிரேக் போட்டால்தான் நான் ஒருத்தி இருப்பதையே கவனிப்பார்கள். ஆனால் என் தம்பிக்கு வருத்தமே இல்லை. அவனுக்குச் சனிக்கிழமை இருந்தது.

"போன்ல பேசலேன்னா என்னக்கா? கேம்ல எப்படி இருக்கா தெரியுமா? முன்னாடி எல்லாம் என்னை இழுத்துக்கிட்டு ஓடுவா, ரெண்டு பேரும் விழுவோம். இப்ப நான் ஏறி முடிக்கிற வரைக்கும் நின்னு கயிறு பிடிக்கிறா. நான் வழுக்கினா திரும்பி வந்து கூட்டிட்டுப் போறா. பொண்ணுக்குப் பொறுமை வந்துடுச்சு."

"நம்ம குடும்பத்துல பொறுமையா? ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்களா பாரு" என்றேன் நான். என் வாய் அப்படி. இதுவரை வாங்கிய அடியெல்லாம் இந்த வாய் வாங்கிக் கொடுத்ததுதான்.

ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல். சனிக்கிழமை இரண்டு கூரை தாண்டியதும் சிவப்புக் கோட்டை உட்கார வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டான். மறுநாள் காலையில் பட்டாணியே போன் செய்தாள். "உடம்பு எப்படிப்பா இருக்கு? தண்ணி நிறையக் குடிங்க." விளையாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சட்டம் சட்டம்தானே. அன்றைக்கு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. "பாத்தியாக்கா, சொல்லாமலே கேட்டா! பாத்தியா!" என்று தெர்மாமீட்டர் வாயில் இருக்கும்போதே சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. டிவியைப் போட்டதும் திரையில் ஒரு கட்டம். பழைய பெட்டிக்கு இந்த மாதத்தோடு மூடுவிழா. வீட்டில் தனியாக விளையாடிக்கொள்ளலாம், வேறு ஊரில் இருக்கிறவர்களோடு சேர்ந்து விளையாட முடியாது. கயிறு கேம் புதுப் பெட்டிகளுக்கு மாறுகிறதாம். புதுப் பெட்டிகள் இரண்டு. கறுப்பு ஒரு கம்பெனி, வெள்ளை ஒரு கம்பெனி. கறுப்பில் விளையாடுகிறவர்கள் வெள்ளையில் இருப்பவர்களைப் பார்க்கவே முடியாது. இரண்டு கம்பெனிக்கும் அப்படி ஒரு பகையாம்.

எது வாங்குவது என்று என் வேனில் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. பின் சீட்டுக் கட்சி கறுப்பு, முன் சீட்டுக் கட்சி வெள்ளை. "கறுப்புல படம் சூப்பரா இருக்கும் ஆன்ட்டி!" "போடா, வெள்ளைதான் சூடாகாது!" "உங்கப்பா வாங்கித் தரலேன்னு நீ அப்படிச் சொல்ற!" ஒரு டிபன் பாக்ஸ் பறந்தது. வண்டியை ஓரம் கட்டி, எல்லோரையும் வாயில் விரல் வைக்கச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

என் தம்பிக்குப் படமும் வேண்டாம், சூடும் வேண்டாம். "பட்டாணி எதை வாங்குவாளோ அதுதான்க்கா எனக்கு."

"அப்ப அவளையே கேளேன்."

"கேம் விஷயம் வெளிய பேசக்கூடாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அடேய், அவ அன்னிக்குப் பால் பல்லு விழுந்து நின்ன குழந்தைடா. அந்தச் சத்தியத்தையா இன்னும் கட்டிக்கிட்டு அழற?"

அவன் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக விளையாட்டுக்குள்ளேயே கேட்டுப் பார்த்தான். புதுப் பெட்டி பற்றிய அறிவிப்பு அவள் வீட்டுத் திரையிலும் வந்திருக்கும், அதனால் புரிந்துகொள்வாள் என்று அவன் கணக்கு. வெள்ளத்தில் ஒரு கறுப்புப் படகு மிதக்கிறது, எதிரே ஒரு வெள்ளைச் சுவர். சிவப்புக் கோட்டு படகில் போய் நின்று குதித்தது, சுவரோரம் போய் நின்று குதித்தது, மறுபடி படகு, மறுபடி சுவர். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றியிருக்கும். மஞ்சள் கோட்டு கொஞ்ச நேரம் சும்மா நின்றதாம். பிறகு நிதானமாக நடந்துபோய்க் கறுப்புப் படகில் ஏறி, ஒரு குதி குதித்ததாம்.

"கறுப்பு!" என்று எனக்குப் போன் செய்து கத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வேனிலேயே கடைக்குப் போனோம். காலியான ஸ்கூல் வேனில் முன் சீட்டில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகிற பையன் மாதிரி.

பெரிய கடை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கறுப்புப் பெட்டிகள், எதிர்ப்பக்கம் வெள்ளை. நடுவில் நின்ற விற்பனைப் பெண் இரண்டு பக்கமும் கை காட்டி மூச்சு விடாமல் ஒப்பித்தாள். என் தம்பி அவள் முடிக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, "கறுப்பு ஒண்ணு குடுங்கம்மா" என்றான். பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"வீட்ல குழந்தைங்களுக்கா சார்?"

"என் பொண்ணோட விளையாட. அவ வேற ஊர்ல இருக்கா."

"அப்ப அவங்க கிட்டயும் கறுப்புதானான்னு ஒரு தடவை கேட்டுக்குங்க சார். பெட்டியோட சீல் பிரிச்சுட்டா நாங்க திருப்பி எடுக்க மாட்டோம். நிறைய பேர் மாத்தி வாங்கிட்டு வந்து நிக்கிறாங்க."

அவன் என்னைப் பார்த்தான். "படகுல ஏறினா. ஆனா சும்மாகூட ஏறியிருக்கலாம் இல்லக்கா?" என்றான். சந்தேகம் வந்துவிட்டால் அவன் தாங்க மாட்டான், லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் வண்டியை ஓட விடாத ஆள். பெட்டியைக் கவுண்டரில் வைத்துவிட்டு போனை எடுத்தான். கடை இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"பட்டாணி, அப்பா பேசறேன். சத்தியத்தை மீறறேன், கோச்சுக்காதே. ஒரே ஒரு கேள்விதான். கறுப்பா, வெள்ளையா?"

"எதுப்பா?"

"புதுப் பெட்டிம்மா. கயிறு கேமுக்கு."

"எந்தக் கேம்? ஓ, அந்த மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஏறுமே, அதுவா?" பின்னால் நாலைந்து பெண்பிள்ளைகள் சிரிக்கிற சத்தம். "ஐயோ அப்பா, அதையா இன்னும் வச்சிருக்கீங்க? நான் அதைத் தொட்டே ரொம்ப நாளாச்சுப்பா. போன வருஷமே விட்டுட்டேன். ஏன், யாருக்கு?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. இவன் ஏதாவது கேட்டுவிடுவான், அந்தப் பிள்ளை ஏதாவது சொல்லிவிடும் என்று பயந்தேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"ஒண்ணுமில்லம்மா. என் கூட வேலை செய்யறவர் பொண்ணுக்கு வாங்கணுமாம். உனக்குத் தெரியுமேன்னு கேட்டேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. ஃப்ரெண்ட்ஸ் வந்திருக்காங்க, அப்புறம் பேசட்டுமா?"

"பேசும்மா, பேசு. சாப்பிட்டியா?"

"ம்."

போனை வைத்தான். கவுண்டரில் கோணலாக இருந்த பெட்டியை விளிம்போடு விளிம்பு நேராக நகர்த்தி வைத்தான். "மன்னிச்சுக்கம்மா, இப்ப வேண்டாம்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னான். அந்தப் பெண்ணுக்கும் கண் கலங்கியிருந்தது, பாவம், வேலைக்கு வந்த இடத்தில் அவளுக்கு இது தேவையா.

வேனுக்குள் வந்து உட்கார்ந்தோம். நான் சாவியைத் திருகவில்லை. போன வருஷமே விட்டுவிட்டாள் என்றால், வாரா வாரம் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு வந்தது யார்? அவனும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தான். அவன் உதடு மட்டும் அசைந்தது. "அவ சுத்திச் சுத்தி ஓடறதே இல்லக்கா. ரொம்ப நாளா. பெரியவளாயிட்டான்னு நினைச்சேன்."

அப்போதுதான் என் போன் அடித்தது. வேனில் போன் ஸ்டாண்டில் இருக்கும், பட்டனைத் தட்டினால் ஸ்பீக்கரில்தான் பேசும். தெரியாத நம்பர். தட்டினேன்.

"நான் பட்டாணி வீட்ல இருந்து பேசறேங்க. மருந்துக்கடை வச்சிருக்கேன்..." என்று ஒரு ஆண் குரல் தயங்கியது. "உங்க நம்பரை அவ போன்ல இருந்து எடுத்தேன். இப்பதான் அவ சொன்னா, அப்பா அந்தக் கேம் பத்திக் கேட்டார்னு. உங்க தம்பி பக்கத்துல இருக்காரா?"

என் தம்பி உதட்டில் விரல் வைத்தான். "இல்ல" என்றேன்.

அவர் சொன்னார். பட்டாணிக்கு அந்த விளையாட்டு அலுத்துவிட்டது, சனிக்கிழமை சாயங்காலம் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அம்மாதான் கூட்டிக்கொண்டு போவாள். முதல் சனிக்கிழமை இவர் வீட்டில் தனியாக இருந்திருக்கிறார். பெட்டியை எடுத்து வைக்கலாம் என்று டிவியைப் போட்டிருக்கிறார்.

"சிவப்புக் கோட்டு கூரை ஓரத்துல நின்னுட்டிருந்துச்சுங்க. ரெண்டு குதி குதிக்கும், நிக்கும். மறுபடி ரெண்டு குதி. அணைச்சுட்டுப் போய் வேற வேலை பார்த்தேன். திரும்ப வந்து போட்டா அதே இடத்துல நிக்குது. என்னால பாக்க முடியல. அன்னிக்கு ஒரு நாள் மட்டும்னுதான் எடுத்தேன். குதிக்கிறதுக்கு என்ன அர்த்தம்னு பிள்ளை கிட்ட சும்மா பேச்சுவாக்குல கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். நான் தொடர்ந்து ஆடறது அவளுக்குத் தெரியாது. அடுத்த வாரம் சொல்லிடலாம், அடுத்த வாரம் சொல்லிடலாம்னு..."

"காய்ச்சல் வந்தப்ப அவ போன் பண்ணாளே?" என்றேன்.

"நான்தான், அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம், ஒரு வார்த்தை பேசும்மான்னு சொன்னேன்."

என் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு எல்லை இல்லை. "உங்களை யாருங்க கேட்டா? மனைவியை எடுத்துக்கிட்டீங்க, பிள்ளையை எடுத்துக்கிட்டீங்க, அது உங்க நல்ல நேரம். அவன் கிட்ட மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஒண்ணுதான். அதுலயும் நீங்கதான் இருந்தீங்களா? ஒரு மனுஷனுக்கு இப்படியா காதுல பூ சுத்துவீங்க?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்து தொலைத்திருக்கலாம், எனக்கு வேலை சுலபமாகியிருக்கும்.

நான் மூச்சு வாங்கியபோது அவர் மெதுவாகக் கேட்டார். "நேத்து அவர் படகுக்கும் சுவருக்கும் ஓடினாரே, என்ன கேக்கறார்னு புரிஞ்சுது. அதான் கறுப்புல ஏறினேன். ராத்திரியே கடைக்குப் போய்க் கறுப்புப் பெட்டி வாங்கியும் வச்சுட்டேன். பிரிக்கல. நீங்க சொல்லுங்க. நான் தொடரணுமா, நிறுத்தணுமா? எது அவருக்கு நல்லதோ அப்படிச் செய்யறேன்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் காதருகே வந்து, சத்தம் வராமல் சொன்னான். அதை அப்படியே போனில் சொன்னேன்.

"வர்ற சனிக்கிழமை மட்டும் வாங்க. அப்புறம் வேண்டாம்."

அந்தச் சனிக்கிழமை நானும் போனேன். அவனைத் தனியாக விட எனக்குத் தைரியம் இல்லை. அத்தனை வருஷத்தில் அந்த விளையாட்டை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. வீட்டைப் பெருக்கி, சோபாவைத் தட்டி, தலை சீவிக்கொண்டு உட்கார்ந்தான். மணி ஆறு. மஞ்சள் கோட்டு ஏற்கனவே வந்து கூரையில் நின்றுகொண்டிருந்தது.

சிவப்பு இரண்டு குதி குதித்தது. கொஞ்சம் பொறுத்து மஞ்சள் ஒரு குதி.

விளையாடினார்கள். கடைசிக் கட்டமாம், மூழ்காமல் நிற்கிற ஒரே ஒரு மணிக்கூண்டு. மஞ்சள் பிடிக்க, சிவப்பு ஏறியது. சிவப்பு பிடிக்க, மஞ்சள் ஏறியது. நான் அந்த மஞ்சள் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கல்லையும் காலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏறியது. மருந்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுக்கிறவர்கள் இப்படித்தான் ஏறுவார்கள். ஒரு குழந்தை இப்படி ஏறுமா? என் தம்பிக்கு இது தெரியாமலா போயிற்று என்று நினைத்தேன். தெரிந்துகொள்ள அவனுக்கு இஷ்டம் இல்லை, அவ்வளவுதான்.

உச்சியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கீழே தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. என் தம்பி கையில் இருந்த ரிமோட்டில் ஏதோ ஒரு பட்டனைத் தேடி அமுக்கினான். சிவப்புக் கோட்டு மஞ்சள் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பிக் குனிந்து வணங்கியது. அப்படி ஒரு பட்டன் அந்த விளையாட்டில் முதலிலிருந்தே இருந்ததாம். அவர்கள் ஒரு தடவைகூட அதைத் தொட்டதில்லை. பெற்ற பிள்ளைக்கு யார் கும்பிடு போடுவார்கள்?

மஞ்சள் கோட்டு அசையாமல் நின்றது. பிறகு அதுவும் கை கூப்பிக் குனிந்தது. ரொம்ப நேரம் நிமிரவில்லை.

என் தம்பி கயிற்றை அவிழ்த்தான். மைக் இல்லை, ஹெட்போன் இல்லை, அந்த வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் கேட்காது. இருந்தாலும் டிவியைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னான்.

"திறந்தாச்சு. பார்த்துக் கால் வைங்க."

மஞ்சள் கோட்டின் கையில் இருந்த விளக்கு அணைந்தது. அப்புறம்தான் அழுதான். மனைவி போன அன்றைக்கு அழாதவன், பிள்ளை ரயில் ஏறியபோது கையசைத்துக்கொண்டு நின்றவன், சோபாவில் என் மடியில் தலையை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

கறுப்புப் பெட்டியும் வாங்கவில்லை, வெள்ளைப் பெட்டியும் வாங்கவில்லை. பழைய பெட்டியைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, பரணில் வைத்துவிட்டான். அடுத்த வாரம் சூப்பர்வைசரிடம் போய், சனிக்கிழமை சாயங்கால டியூட்டியைத் தனக்கே போட்டுவிடச் சொன்னான். அவருக்கு நம்பவே முடியவில்லையாம், உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம்.

இப்போது சனிக்கிழமை ஆறு மணிக்கு அவன் ஏதாவது ஒரு கட்டடத்தில், ஏதாவது ஒரு மெஷின் அறையில் இருப்பான். நீச்சல் வகுப்பு முடிகிற நேரம் அவனுக்கு இப்போது தெரியும். வேலையை நிறுத்தி, கையில் இருக்கிற கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு, போன் செய்வான். ஒருநாள் நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அப்பாதான்மா. சாப்பிட்டியா?"

"ம்."

அவ்வளவுதான் அவள் சொன்னது, போனை வைத்துவிட்டாள். அவன் போனைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தான். "அவதான்க்கா" என்றான் என்னிடம். "அவளேதான் சொன்னா."